நசுங்காத மூக்கு

நசுங்குவதற்கென்றே ஒரு பொருளைச் செய்துகொடு என்று அதுவரை என்னிடம் யாரும் வந்ததில்லை. முப்பத்தொரு வருஷமாகக் காஞ்சிபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். செவிலிமேட்டில் இறங்கி சாமுவேல் பட்டறை எது என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கை காட்டும். இரும்பு கேட், ஜன்னல் கிரில், தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு, தறிக்கு ஆங்கிள் ஃபிரேம், எல்லாம் செய்வேன். கேட் வாங்க வருகிறவன் முதலில் அதைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவான். ஆடினால் என் மானம் போச்சு. ஆடாத வேலைதான் வேலை என்று பிழைத்தவன் நான். எனக்குப் போய் இப்படி ஒரு வேலை வந்ததே, அதுதான் என் தலையெழுத்து.

வேலையைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, நான் பெற்ற மகள். ஷாரோனுக்கு இருபத்துநாலு வயது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கும் கமல் என்ற பையனும் அவளும் சேர்ந்து சொந்தமாக ஒரு ரேஸ் கார் செய்யப் போவதாக ஒருநாள் காகிதச் சுருளோடு வந்து நின்றார்கள். ரோட்டில் ஓட்டுகிற கார் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ரேஸ் டிராக் இருக்கிறதே, அதில் மட்டும் ஓட்டுவதற்கு. அங்கே அவரவர் செய்த வண்டியை ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி, யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்கள் என்று பார்க்கிற போட்டி ஒன்று நடக்கப் போகிறதாம்.

வரைபடத்தைப் பார்த்தேன். கதவு இல்லை. கூரை இல்லை. முன் கண்ணாடி இல்லை. ஏசி, ரேடியோ, ஹாரன் ஒன்றும் இல்லை. மெல்லிய பைப்பில் ஒரு கூடு, அதற்குள் ஒரு சீட்டு, முதுகுக்குப் பின்னால் பைக் இன்ஜின், நாலு சக்கரம். அவ்வளவுதான் கார். நன்றாகத் தின்று வளர்ந்த ஓர் எருமையின் எடைதான் மொத்த வண்டிக்கும் வரும் என்றார்கள்.

"இதுல இன்னாதான்மா இருக்குது?" என்று கேட்டேன்.

"வேகம் இருக்குதுப்பா. மத்த எல்லாத்தையும் எடுத்துட்டோம்" என்று சிரித்தாள்.

கமல் ஏனாத்தூர்க்காரன். அப்பா மாணிக்கவேல் நெல் போடுகிறவர், ஒரு டிராக்டர் உண்டு. பையன் மரியாதையானவன், என்னை அங்கிள் அங்கிள் என்று கூப்பிடுவான், ஆனால் கிராம் கணக்குப் பார்க்கிற கஞ்சன். எட்டு மாசம் தினமும் சாயங்காலம் பட்டறைக்கு வந்தான். நான் பற்றவைத்த இடத்தில் கொஞ்சம் தடிப்பாக இருந்தால் கிரைண்டரை எடுத்துத் தேய்ப்பான். போல்ட்டை நடுவில் துளை போட்டு இலேசாக்குவான். என் மனைவி கிருஷ்ணவேணி ஒருநாள் என் காதோடு, "அந்தப் பையன் வெல்டிங் பாக்கறதுக்கா டெய்லி வரான்? கண்ணு இருந்தா பாருங்க" என்றாள். கண் இருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்களாகச் சொல்லும்போது சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஓட்டப் போவது ஷாரோன் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் நாற்பத்தாறு கிலோ. கமல் எழுபத்தெட்டு. வண்டியில் எடை குறைவாக இருக்க வேண்டும் என்றால் ஓட்டுகிற ஆளும் இலேசாக இருக்க வேண்டுமாம். அதற்கு முந்திய வருஷமே அவள் கம்பெனி செலவில் டிராக்கில் ஓட்டப் பழகி ரேஸ் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். எனக்குச் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்குத் தெரியும். இந்த வீட்டில் எனக்குத்தான் எல்லாம் கடைசியில் தெரியும்.

வண்டி முக்கால்வாசி முடிந்த சமயம். மூக்கு வேலை வந்தது. காலால் மிதிக்கிற பெடல்களுக்கு முன்னால் குறுக்கே ஒரு தகடு. அந்தத் தகட்டுக்கு முன்னால் மூக்குப் போல ஒரு டப்பா. பிஸ்கட் டின்னை விட மெல்லிய தகட்டில் அந்த டப்பாவைச் செய்யச் சொன்னான் கமல்.

"இது பத்தாதுடா தம்பி. விரலால அமுக்குனா உள்ள போவுது."

"போவணும் அங்கிள். வண்டி எதுலயாவது இடிச்சா இது மொதல்ல நசுங்கணும். நசுங்கறதுக்குத்தான் வைக்கிறோம். இது நசுங்கிட்டா அடி உள்ள வராது."

"நல்லா இருக்குதுடா உன் நியாயம்! வூட்டுக்குத் திருடன் வந்தா கதவு ஒடையணும், அப்பதான் வூடு பத்திரமா இருக்கும்னு சொல்வ போலக்குது."

ஷாரோன் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, உனக்கு ஒரு டெஸ்டு காட்றேன் இரு" என்றாள்.

அதே மாதிரி இன்னொரு டப்பாவைச் செய்து தரையில் நிறுத்தினார்கள். பட்டறை உத்தரத்தில் பாரம் தூக்குவதற்கு இருந்த செயின் பிளாக்கில் இரும்புத் துண்டுகளைக் கட்டி உச்சிவரை தூக்கி, டப்பா மேல் விழ அவிழ்த்துவிட்டார்கள். தொம்மென்று விழுந்தது. டப்பா சப்பாத்திக் கணக்காக மடிந்து கிடந்தது. இரண்டு பேரும் கைதட்டிக் குதித்தார்கள், கமல் அதைப் பல பக்கமாகப் போட்டோ எடுத்தான். அதற்குப் பின்னால் என் பெண்ணின் இரண்டு பாதங்கள் இருக்கப் போகின்றன. அது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன்.

அன்றிலிருந்து தூக்கம் போனது. கண்ணை மூடினால் அந்த மடிந்த தகடு வந்தது. எடை குறைப்பதற்காக இந்தப் பையன் என் மகளை பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் உட்கார வைக்கிறான், கேட்டால் இங்கிலீஷில் ஏதோ காரணம் சொல்கிறான் என்றுதான் என் மண்டையில் ஏறியது. அவன் சொன்னதை நான் கேட்காமல் இல்லை. கேட்டேன், நம்பவில்லை. முப்பத்தொரு வருஷம் இரும்போடு புரண்டவனுக்கு நேற்று முளைத்தவன் சொல்வதா என்ற திமிரும் இருந்தது. இல்லை என்று சொன்னால் கர்த்தருக்கே பொறுக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. வேணியும் ஷாரோனும் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். உடம்பு வலி என்று சொல்லி நான் போகவில்லை. அவர்கள் தெரு முனை திரும்பியதும் பட்டறைக்குள் வந்து ஷட்டரை இறக்கினேன். மூக்கு டப்பாவுக்கு மேல் மூடி இன்னும் போடவில்லை. திங்கட்கிழமை ரிவெட் ஆணி அடித்து மூடுவதாக இருந்தது. கோயில் தேர் நிறுத்துகிற தகரக் கொட்டகை வேலையில் மிஞ்சிய பைப் என்னிடம் கிடந்தது. மூன்று எம்.எம். கனம், நல்ல சரக்கு. நாற்பது சென்டிமீட்டரில் இரண்டு துண்டு அறுத்தேன். பெடல் தகட்டிலிருந்து மூக்கு நுனிவரை, டப்பாவுக்குள்ளேயே, இடது பாதத்துக்கு நேராக ஒன்று, வலது பாதத்துக்கு நேராக ஒன்று. சுற்றிவரப் பற்றவைத்தேன். என் ஆயுசில் அவ்வளவு நன்றாக வெல்டு வைத்ததில்லை. ஒரு பொட்டு இடைவெளி இல்லை. "ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாற்று" என்று சொல்லிக்கொண்டே வைத்தேன்.

பிறகு மூடியை வைத்து நானே ரிவெட்டும் அடித்து, சிவப்புப் பெயிண்டும் அடித்துவிட்டேன். மறுநாள் கமல் வந்து பார்த்து, "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா அங்கிள்? செம!" என்றான். அன்றைக்கு ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அரிசி மண்டியிலிருந்து நாலு தராசு இரவல் வாங்கி வந்து, நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று வைத்து எடை போட்டார்கள். கணக்கை விட இரண்டு கிலோ கூட வந்தது. கமல் தராசைச் சந்தேகப்பட்டான், பெயிண்டைச் சந்தேகப்பட்டான், என் வெல்டு ராடைச் சந்தேகப்பட்டான். இரண்டு நாள் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி எடை போட்டான். நான் ஓர் இரும்பு கேட்டுக்கு பிரைமர் பெயிண்டு அடித்தபடி காது கேளாதவன் மாதிரி இருந்தேன்.

"வுடு கமல், அந்த ரெண்டு கிலோவை நான் கொறைச்சுக்கிறேன்" என்றாள் ஷாரோன்.

மூன்று வாரம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். ஒரு டம்ளர் மோர், நாலு வெள்ளரிக்காய்த் துண்டு. வேணி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு கருவாடா காஞ்சிக்கினு இருக்குது, நீங்க பாத்துக்கினு சும்மா இருக்கிறீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?" என்று என் மேல் பாய்ந்தாள். சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் அந்த மூடியைத் திறந்து, பைப்பை அறுத்து எறிந்து, என்னை நாலு திட்டு திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மெலிந்தால் மெலியட்டும், கால் பத்திரமாக இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

போட்டியன்று சின்ன லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டோம். நானும் வேணியும் சுங்குவார்சத்திரத்தில் இட்லி சாப்பிட்டோம், ஷாரோன் அரை இட்லியோடு எழுந்துவிட்டாள். டிராக்கில் பெரிய இடத்துப் பிள்ளைகள், வெளிநாட்டு வண்டிகள். நடுவில் எங்கள் செவிலிமேட்டுப் பட்டறை வண்டி சிவப்பாகச் சின்னதாக நின்றது. ஆனால் நாலு பேர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அந்த டிராக்கில் பல வருஷமாக வேலை பார்க்கும் அந்தோணி என்பவர் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துவிட்டு, "வெல்டிங் யாரு சார், பிரமாதம்" என்று என் கையைக் குலுக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் சுற்று மெதுவாகப் போனாள். இரண்டாவது சுற்றில் எங்கள் எதிரில் அவள் கடந்து போனது ஒரு சிவப்புக் கோடுதான், அதற்குள் சத்தம் அந்தப் பக்கம் போய்விட்டது. கமல் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, "அங்கிள், இதுக்கு மேல யாரும் இல்ல அங்கிள்!" என்று என் தோளைக் குலுக்கினான். மூன்றாவது சுற்றில் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய்விட்டாள். ஒரு சக்கரம் மண்ணில் இறங்கியது. வண்டி வழுக்கிக்கொண்டே போய் நேராகச் சுவரில் மோதி நின்றது.

நான்தான் முதலில் ஓடினேன். ஓடும்போது தூரத்திலிருந்தே பார்த்தேன், மூக்கு அப்படியே நிற்கிறது. பெயிண்டு பெயர்ந்திருக்கிறது, ஓரத் தகடு கிழிந்திருக்கிறது, ஆனால் மூக்கு நசுங்கவில்லை. என்னைச் சபியுங்கள், அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. என் பைப்பு தாங்கிவிட்டது, என் குழந்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் கிட்டே போனேன். அவள் அலறல் கேட்டது.

பெடல்களுக்கு முன்னால் இருந்த தகடு உள்ளே போயிருந்தது. என் இரண்டு பைப்பும் வளையாமல் நெளியாமல், தாங்கள் பிடித்திருந்த தகட்டைத் தள்ளிக்கொண்டு அவள் பாதங்களின் மேல் போய் நின்றிருந்தன. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. வண்டியை வெட்டித்தான் அவளை எடுத்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கால் தங்கியது, ஆனால் கணுக்கால் இனி மடங்காது என்றார்கள். டாக்டர் சொல்லி முடித்து உள்ளே போனதும் நான் திரும்பிப் பார்த்தேன், கமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். பாய்ந்து போய் அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன். "நசுங்கணும் நசுங்கணும்னு சொன்னியேடா பாவி, யார் காலுடா நசுங்கிச்சு?" என்று கத்தினேன். வராண்டா முழுக்க ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. வேணி அவன் காலடியில் மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள்.

மூன்றாம் நாள் அந்தோணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, என்னோடு கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்தார். "எனக்குப் புரியவே இல்ல சார். இந்த வேகத்துல இடிச்சவங்க எத்தினியோ பேரு இறங்கி நடந்து வந்திருக்காங்க. மூக்கு அப்பளமா போயிரும், ஆளுக்கு ஒண்ணும் ஆவாது. இந்த வண்டியில மூக்கு அப்படியே இருக்குது, கால் போயிடுச்சு. உள்ள ஏதோ கெட்டியா நின்னுருக்குது சார்" என்றார்.

உள்ளே கெட்டியாக நின்றது என் இரண்டு பைப்பும்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். ஆண்டி கெடுத்தது சங்கைத்தான். நான் என் பிள்ளையின் காலைக் கெடுத்தேன்.

நேராக ஏனாத்தூருக்குப் போனேன். நொறுங்கிய வண்டியை மாணிக்கவேலின் டிராக்டர் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்கள். கமல் அதன் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். மூக்கு மூடி திறந்து கிடந்தது. உள்ளே பைப்பு இல்லை. இரண்டு பக்கத் தகட்டிலும் கிரைண்டர் தேய்த்த வட்டத் தடம் மட்டும் வெள்ளையாக மினுங்கியது.

"எங்கடா?" என்றேன்.

"கெணத்துல போட்டுட்டேன் அங்கிள்."

"எப்ப பாத்த?"

"அன்னைக்கே. வண்டிய இங்க கொண்டாந்து எறக்குன வொடனே தெறந்து பாத்தேன். அந்த ரெண்டு கிலோ எங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது."

ஆஸ்பத்திரியில் நான் அறைந்தபோதே அவனுக்குத் தெரியும். நான் அவன் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்திவிட்டான். அவன் கன்னத்தில் என் மோதிரம் கிழித்த கோடு காய்ந்திருந்தது.

"டிராக்குல கேட்டாங்க அங்கிள். என் டிசைன் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். இனிமே வண்டி கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க. பரவால்ல. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஷாரோன்கிட்ட முக்கியமா சொல்லாதீங்க."

"நீ ஏண்டா சுமக்கணும்?"

"ஷாரோனுக்கு இப்ப நீங்க வேணும் அங்கிள். தூக்கணும், ஒக்கார வைக்கணும், நடக்க வைக்கணும். ஆன்ட்டியால முடியாது. என்னை வெறுத்துட்டா அதுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. உங்களை வெறுத்துட்டா அது எங்க போவும்?"

அழுதேன். அவனும் அழுதான். கோழை நான், அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேணியிடம்கூடச் சொல்லவில்லை.

ஷாரோனை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மாசம் நான் பட்டறை திறக்கவில்லை. காலையில் தூக்கிக்கொண்டு போய் பாத்ரூம் ஸ்டூலில் உட்கார வைப்பேன். வேணி குளிப்பாட்டியதும் கூப்பிடுவாள், போய்த் தூக்கி வந்து கட்டிலில் விடுவேன். கட்டு மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள், நகம் பதியும். "நீ இருந்தா வலி கம்மியா தெரியுதுப்பா" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கும். அவளுக்காகச் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்தக் கை என்னை விட்டுவிடக் கூடாது என்று பயந்தேன்.

கமல் பெயரை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் போன் செய்தால் எடுக்கவில்லை, ஒருமுறை வாசல்வரை வந்தவனை வேணி துடைப்பத்தைக் காட்டித் துரத்தினாள். ஆனால் ஷாரோனின் கண் அவன் எங்கே தப்புச் செய்தான் என்பதிலேயே இருந்தது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டியின் படத்தைத் திறப்பாள். வண்டியைக் கம்ப்யூட்டரிலேயே சுவரில் மோதவிட்டு, எங்கே எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்கலாம் போலிருக்கிறது. நிஜத்தில் பெடல் தகடு பதினேழு சென்டிமீட்டர் உள்ளே வந்திருந்ததாக டிராக்கில் அளந்து எழுதியிருந்தார்கள். இவள் எப்படி மோதவிட்டாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வரவில்லை. வேகத்தை மாற்றினாள், தகட்டின் கனத்தை மாற்றினாள், மோதும் கோணத்தை மாற்றினாள். பகல் முழுக்க அதே வேலை. சாப்பாடு ஆறிக் கிடக்கும்.

"வுடும்மா, போனது போச்சு" என்பேன்.

"எப்படிப்பா வுடறது? இந்தக் கணக்கை அவனும் நானும் சேர்ந்துதான் போட்டோம். தப்பு எங்கன்னு தெரியணும்ல?"

நாள் ஆக ஆக அவள் கோபம் அவனை விட்டு அவள் மேலேயே திரும்பியது. ஒருநாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற டிசைன் வேலை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு போனைக் கட்டிலில் வீசினாள்.

"ஏம்மா வேணாம்னுட்ட?"

"என்னாத்துக்குப்பா? நான் போட்ட கணக்குல என் காலே போயிடுச்சு. நாளைக்கு எவன் காலை எடுக்கறதுக்கு?" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, குரலில் ஒன்றுமே இல்லை. "இருநூறு வாட்டி பாத்துட்டேன். தப்பு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. அப்பன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தானே அர்த்தம்? படிச்சது, வேலை பாத்தது எல்லாம் சும்மா. எனக்கு மூளையே இல்ல போலக்குது."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"அந்த வண்டியில ஒண்ணே ஒண்ணுதான்பா சரியா இருந்துது. உன் வெல்டு. ஒரு எடத்துல கூட வுடலையாம். அந்தோணி சார் சொன்னாரு."

கால் போனதை அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் அறிவும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து அவள் அப்படிச் சொன்னபோது எனக்குள் எதுவோ முறிந்தது. இதற்கு மேல் மூடி வைத்தால் நான் மனுஷனே இல்லை. தரையில், அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஷாரோன், உன் கணக்குல தப்பு இல்லமா."

"சமாதானம் சொல்லாதப்பா."

"சமாதானம் இல்ல. நான்தான் அந்த டப்பாக்குள்ள பைப்பு வச்சேன். நீங்க சர்ச்சுக்குப் போன ஞாயித்துக்கிழமை. உன் காலுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னு வச்சேன்மா. கமலுக்குத் தெரியாது. அப்புறம்தான் தெரிஞ்சுது. அவன் பழியை அவனே ஏத்துக்கினான்."

அவள் என் கையை விடவில்லை. விட மறந்துவிட்டாளோ என்னவோ.

"எத்தினி பைப்பு?" என்றாள்.

"ரெண்டு."

"எத்தினி எம்.எம்.?"

"மூணு."

"நீளம்?"

"நாப்பது சென்டிமீட்டர். தகட்டுலேருந்து மூக்குவரைக்கும். சுத்திவரப் பத்தவச்சேன்."

கையை விட்டுவிட்டு லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டாள். எந்த இடத்தில், எவ்வளவு தள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஸ்கூலில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நான் சொன்னேன். தட்டிவிட்டுக் காத்திருந்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. வெளியே பட்டுக்கடைக்கு வந்த வெளியூர் வேன் ஒன்று ரிவர்ஸ் எடுக்க முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"பதினாறரை சென்டிமீட்டர். நெசத்துல பதினேழு" என்றாள். பிறகு, "சரியா வந்துடுச்சு" என்றாள்.

அவள் முகத்தில் ஒரு விநாடி வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். கணக்கு வந்துவிட்ட வெளிச்சம். சத்தியமாகப் பார்த்தேன். அது அப்படியே நின்று, பிறகு அவள் மெதுவாக என் பக்கம் திரும்பியபோது போய்விட்டது.

"கமல் சொன்னான்ல உங்கிட்ட? நசுங்கறதுக்குத்தான்னு."

"சொன்னான்மா."

"நானும் காட்டுனேன்ல? டெஸ்டு பண்ணி."

"காட்டுனமா."

"அந்த ரெண்டு கிலோக்காக நான் மூணு வாரம் சாப்பிடாம கெடந்தேன். நீ பாத்துக்கினு இருந்த."

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பாட்டுத் தட்டையோ டம்ளரையோ எடுத்து என் மண்டையில் போட்டிருந்தாலும் தேவலை. லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தாள். போனைத் தேடி எடுத்து, யாருக்கோ ஏதோ எழுதி அனுப்பினாள். கமலுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். பாத்ரூம் போகிற நேரம் ஆகியிருந்தது. வழக்கம்போல எழுந்து குனிந்து, அவள் முதுகுக்குக் கீழே கையைக் கொடுக்கப் போனேன்.

"தொடாத" என்றாள்.

"பாத்ரூமுக்கு—"

"அம்மாவ கூப்புடு."

"அம்மாவுக்கு முதுகு முடியாதுமா."

"கமல் வரான். அதுவரைக்கும் அம்மா வரட்டும்."

வேணியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், "இன்னாடி, அப்பாதான் பக்கத்துலயே நிக்கிறாரே?" என்று கேட்டாள். ஷாரோன் என்னைப் பார்க்கவில்லை.

"அவர மொதல்ல வெளிய போவச் சொல்லுமா" என்றாள்.

வேணி என் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். நான் வாசலுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வேணி மூச்சு வாங்கத் தூக்கப் பார்ப்பதும், முடியாமல் விடுவதும், மறுபடி தூக்கப் பார்ப்பதும் கேட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை.